மேற்படியார் ஐந்து கோடி

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில் மூன்றாவது வளைவில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிளப் ஒன்று இருந்தது. அதன் கூரை ஒழுகியது. பில்லியர்ட்ஸ் மேசைக்குள் பல்லி முட்டையிட்டது. ஆனால் கிளப்புக்கு முன்னால் அரை ஏக்கர் புற்றரை ஒன்று இருந்தது பாருங்கள், அதை மட்டும் அரசாங்கம் கைவிடவில்லை. தோட்டங்களை அரசு எடுத்தபோது இந்தப் புல் யாருக்குச் சேரும் என்று கேள்வி வந்தது. தேயிலையா என்றால் இல்லை, காடா என்றால் அதுவும் இல்லை. எந்தத் திணைக்களத்திலும் சேராத பொருளுக்குச் சபை அமைப்பதுதானே முறை. அப்படித்தான் ‘ஊவா மேட்டுநிலப் புற்றரை பரிபாலன சபை’ பிறந்தது.

சபைக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், பதினொரு உறுப்பினர்கள், நான்கு உபகுழுக்கள், ஒரு கிளாக்கர், ஒரு ஜீப். ஜீப்பைக் கழுவப் பெரிய மஞ்சள் நுரைப்பஞ்சு ஒன்று. புல்லைப் பார்க்க ஓர் ஆள். அந்த ஆள்தான் வீரய்யா.

வீரய்யாவுக்கு ஐம்பத்தொரு வயது. ஸ்பிரிங்வெளி லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, அங்கேயே பெரியாயியைக் கட்டி, ஏழு வருடமாகக் கிளப்பின் பின்பக்கத்து அறையில் குடியிருந்தவர். இருப்பது ஒரே தொழிலாளி என்றாலும் தோட்டத்து வழக்கப்படி தினமும் காலை ஆறு மணிக்குப் பெரட்டு நடக்கும். செயலாளர் விசில் ஊதுவார். பெரட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூன்றடி தூரத்தில் நிற்கிற மனிதரைப் பார்த்து, நமுனுகுல மலைக்கே கேட்கிற மாதிரி “வீரய்யா!” என்று கூப்பிடுவார். “இருக்கேனுங்க” என்பார் வீரய்யா. செயலாளர் அதைப் பதிந்துகொண்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பார். ஏழு வருடத்தில் ஒரு நாளும் இது தவறவில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டு பெப்ரவரி மாதம் வீரய்யாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடி விழுந்தது.

முதலாவது, பழுப்பு உறையில் ஒரு கடிதம். பதினான்கு வருடத்துக்கு முன் அவர் கொடுத்த பிரஜாவுரிமை மனு இப்போதுதான் யாரோ ஒருவருடைய மேசைக்கு வந்திருந்தது. மார்ச் முப்பத்தோராந் திகதி காலை ஒன்பது மணிக்குப் பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், விசாரணை. நிரந்தரமாகக் குடியிருந்து வேலை செய்கிறார் என்று வேலை கொடுப்பவரின் அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவர வேண்டும். தவறினால் மனு தள்ளுபடி. தள்ளுபடி என்றால் அடுத்த பட்டியலில் பெயர் ஏறும். அந்தப் பட்டியலில் ஏறியவர்கள் தெமோதரை ஸ்டேசனில் தகரப் பெட்டியோடு கோச்சி ஏறித் தலைமன்னார் போய், நாட்டை விட்டுப் போகும் கப்பலைப் பிடிக்க வேண்டியதுதான். வீரய்யாவின் தம்பி அப்படித்தான் போனான். கோச்சி புறப்பட்டபோது ஸ்டேசன் முழுக்க எழுந்த அழுகைச் சத்தத்தை நினைத்தால் வீரய்யாவுக்கு இப்போதும் சோறு இறங்காது.

இரண்டாவது, புல் காய்ந்தது. முதலில் தட்டு அகலத்துக்குப் பழுப்புத் திட்டு. அப்புறம் பாய் அகலத்துக்கு. மைனாக்கள் கூட்டமாக இறங்கிக் கொத்தின. காட்டுப்பன்றி வந்து ஒரு மூலையை உழுதுவிட்டுப் போனது. வீரய்யா ஒரு திட்டைப் பிடித்து இழுத்தார். புல் வேரில்லாமல், பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டு வந்தது. அடியில் மண் முழுக்க வெள்ளைப் புழு. பழுப்புத் தலையும் வளைந்த உடம்புமாக, வண்டின் குஞ்சுகள் வேரைத் தின்று கொழுத்துக் கிடந்தன.

செயலாளரிடம் ஓடினார்.

செயலாளர் பேசுவது வேறு பாஷை. கிளாக்கர் தம்பையாதான் சபையின் மொழிபெயர்ப்பாளரும் என்பதால் அவருடைய தமிழிலேயே கேளுங்கள்.

“மார்ச் முப்பதாந் திகதி புற்றரை தின விழா. கொழும்பிலிருந்து பிரதம அதிதி வருகிறார். அன்று புல் பச்சையாக இருந்தால் நீ நிரந்தரமாக வேலை செய்கிறாய் என்று பொருள். அத்தாட்சிப் பத்திரத்தில் அன்றே கையெழுத்திடுவேன். புல் பழுப்பாக இருந்தால், மனச்சாட்சிக்கு விரோதமாக நான் எப்படிக் கையெழுத்திடுவது?”

வீரய்யா வெளியே வந்து புல்லைப் பார்த்தார். அரை ஏக்கரில் கால்வாசி ஏற்கெனவே செத்திருந்தது.

மார்ச் எட்டாந் திகதி வெளிநாட்டு உதவித் திட்டமொன்றின் பெயரில் வெள்ளைப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே ஈரமான மஞ்சள் பஞ்சு, ஒரு காகிதம். தம்பையா காகிதத்தை இரண்டு தரம் படித்தார். அவர் முப்பது வருடம் கிளாக்கர் வேலை பார்த்தவர். எதையும் ஒரு தரம் படித்து நம்பமாட்டார்.

“வீரய்யா, இந்தப் பஞ்சுக்குள்ள அஞ்சு கோடி புழு இருக்காம். நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது.”

“இருக்கிற புழு பத்தாதுங்களா, ஐயா?”

“இது நல்ல புழுப்பா. மண்ணுல விட்டா வெள்ளப் புழுவத் தேடிப் போயி அதோட வாய் வழியா உள்ள நொழஞ்சிரும். ரெண்டே நாள்ல அது சாவும். அந்த ஒடம்புக்குள்ளயே இது குட்டி போட்டுப் பெருகி அடுத்த புழுவத் தேடிப் போவும். மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது, புல்லுக்கும் செய்யாது.”

வீரய்யாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “அப்ப இன்னிக்கே ஊத்திரலாங்களா?”

“குளிர்ல வைக்கணும். ஆனா ஐஸாயிரக் கூடாது. வெயில் பட்டாச் செத்துரும். பொழுது சாயிறப்ப, மண்ண நனைச்சு, தண்ணியில கலக்கி ஊத்தி, மறுபடி தண்ணி விடணும். இருபதாந் தேதிக்குள்ள செய்யாட்டி அம்புட்டும் செத்துரும்.” தம்பையா காகிதத்தை மடித்தார். “ஆனா சபை தீர்மானம் எடுக்கணும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் கெட்டது.

சபை மறுநாளே அவசரமாகக் கூடியது. இதைச் சபையின் சுறுசுறுப்புக்கு உதாரணமாகப் பின்னால் பலரும் சொன்னார்கள். தொழிலாளர் தரப்பும் கேட்கவேண்டும் என்ற விதியின்படி வீரய்யா கதவோரம் நிறுத்தப்பட்டார். முதல் கேள்வி: இந்தப் புழுக்கள் பொருளா, ஆளா? பொருள் என்றால் களஞ்சிய அறையில் வைக்க வேண்டும். ஆனால் அவை உயிரோடிருக்கின்றன, புல்லில் வேலை செய்யப்போகின்றன. புல்லில் வேலை செய்யும் உயிர் எதுவானாலும் பெரட்டுக்கு வரவேண்டும் என்று சபைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. எனவே ஆள்.

ஆள் என்றதும் தலைவர் எழுந்து நின்றார். தலைவர் எழுந்தால் உறுப்பினர்கள் பேனாவை மூடிவிடுவது வழக்கம்.

“கனவான்களே, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் இவர்களைப் பாருங்கள். சம்பளம் கேட்பதில்லை. வீடு கேட்பதில்லை. சங்கத்தில் சேர்வதில்லை. மண்ணுக்குக் கீழேயே இருந்து வேலை செய்து, அங்கேயே பெருகி, அங்கேயே மடிகிறார்கள். மேலே வந்து நம் கண்ணில் படுவதில்லை. இப்படிப்பட்டவர்களைத்தான் இந்த மலைநாடு நூற்றைம்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது. இவர்களைத் தற்காலிகமாக வைத்திருப்பது நன்றிகெட்ட செயல். நிரந்தர வதிவிட அத்தாட்சிப் பத்திரம் இன்றே வழங்கப்படட்டும்.”

மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். தம்பையா படிவத்தை எடுத்தார். பெயர் என்ற இடத்தில் சிக்கல். காகிதத்தில் இருந்த லத்தீன் பெயரை உச்சரிக்கப்போய் ஓர் உறுப்பினருக்கு இருமல் வந்துவிட்டது. தலைவர் வழி கண்டுபிடித்தார். “பேச்சில் ‘மேற்படியார்’ என்றுதானே குறிப்பிட்டு வருகிறோம்? அப்படியே எழுதும்.”

பெயர்: மேற்படியார். தந்தை பெயர்: அறியப்படவில்லை. பிறந்த இடம்: வெளிநாடு. வந்த வழி: உதவித் திட்டம். வந்த திகதி: மார்ச் 8. உடன் வந்தோர்: ஐந்து கோடி. தொழில்: மண் வேலை. குடியிருப்பு: கிளப் புற்றரை, நிரந்தரம். தலைவர் கையெழுத்திட்டார். செயலாளர் முத்திரை குத்தினார். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம்.

பதினான்கு வருடமாக ஒரு காகிதத்துக்குக் காத்திருந்த வீரய்யா கதவோரம் நின்று இதைப் பார்த்தார். ஆனாலும் புழுவின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. பாவம், அதற்கு இருபதாந் திகதி வரைதான் உயிர்.

“ஐயா, இன்னிக்கிப் பொழுது சாய ஊத்திரவாங்க?” என்று கேட்டார்.

தலைவர் சிரித்தார். “ஏனிந்த அவசரம்? விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே. பிரதம அதிதி தன் கையாலேயே விடுவிப்பார்.”

விழா முப்பதாந் திகதி, புழு இருபதாந் திகதி என்று தம்பையா மெதுவாக எடுத்துச் சொன்னார். புழு ஒத்துழைக்குமென்று எதிர்பார்ப்பதாகக் கூட்டக்குறிப்பில் எழுதச் சொன்னார் தலைவர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விசில் ஊதியது. வீரய்யா பெட்டியோடு நின்றார். செயலாளர் புத்தகத்தைத் திறந்து, தொண்டையைக் கனைத்து, “மேற்படியார், ஐந்து கோடி!” என்று கூப்பிட்டார்.

தூரத்தில் ஒரு மைனா கத்தியது.

“மேற்படியார்!”

தம்பையா விழியால் சாடை காட்டினார். “இருக்குதுங்க” என்றார் வீரய்யா. செயலாளர் பதிந்துகொண்டு புத்தகத்தை மூடினார்.

“ஐயா, எம் பேரக் கூப்பிடலையேங்க?”

“பெட்டியோடதானே நிக்கிற? பேசாம நில்லு” என்று சொல்லிவிட்டார்கள். அவரும் பேசாமல் நின்றார். அதுதான் அவர் செய்த தப்பு.

பெரட்டுக்கு வந்தவர்களைத் தலைவர் பார்வையிடும்வரை கலையக் கூடாதென்பது புதிய ஒழுங்கு. தலைவர் எட்டரைக்கு வருவார். அதுவரை பெட்டியின் மூடி திறந்திருக்க வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் வெயில் மலையைத் தாண்டிப் புல்லில் இறங்கிவிடும். வீரய்யா மழைக்குப் போர்த்தும் தன் கம்பளியைப் பெட்டிக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு கை கடுக்க நிற்பார். தலைவர் வந்து, பஞ்சை ஒரு பார்வை பார்த்து, “ஒழுங்காக இருக்கிறார்கள்” என்று சொல்லிப் போனதும், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பதுளைக் கடைத்தெருவுக்கு ஓட்டமும் நடையுமாக இறங்குவார். அங்கே இத்ரூஸ் முதலாளியின் ஐஸ்பழக் கடையில் ஒரு பிரிஜ் இருந்தது.

இத்ரூஸ் முதல் நாள் பெட்டியைத் தொடவே மறுத்தார். “அல்லாவே! வீரய்யா, என்ட பிரிஜ்ஜுல பால் ஈக்கி, ஐஸ்பழம் ஈக்கி. புழு ஈக்கிண்டு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா நான் கடைய மூடிட்டு உன்னோட பெரட்டுக்குத்தான் வரோணும்.”

“மொதலாளி, இது செத்தாப் புல்லு செத்துரும். புல்லு செத்தா எனக்குச் சேட்டிபிகேட்டு இல்ல. நானும் பெரியாயியும் கோச்சி ஏற வேண்டியதுதான். பொறந்த ஊர விட்டுட்டு எங்கங்க போவேன்?”

இத்ரூஸ் பால் போத்தல்களை ஒரு பக்கம் ஒதுக்கினார். “சரி, கீழ்த் தட்டுல வை. மூடியத் தொறக்காதே. ஆரும் கேட்டா வட்டிலப்பம்டு செல்லு.”

பதினோராந் திகதி சபையின் சுகாதார உபகுழு விழித்துக்கொண்டது. நிரந்தர ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கவில்லையே! ஆஸ்பத்திரி ஐயா அழைக்கப்பட்டார். அவர் பஞ்சைப் பிழிந்து ஒரு சொட்டை ஆராய்ந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு எழுதினார்: ‘மேற்படியாருக்குப் புழுத் தொற்று உண்டு. கடுமையானது. ஐந்து நாளைக்குப் பூச்சி மருந்து கொடுக்கவும்.’ ஒரு பெரிய போத்தல் சிவப்பு மருந்தும் வந்தது. செயலாளர் முன்னிலையில் தினமும் பெட்டிக்குள் ஊற்றவேண்டும்.

ஊற்றினால் கதை முடிந்தது. வீரய்யா தினமும் போத்தலை வாங்கி, செயலாளர் புத்தகத்தில் குனிந்த நேரம் பார்த்து, தன் வாயில் ஊற்றிக்கொண்டார். ஐந்து கோடி பேருக்கான மருந்து. நாலு நாள் அவர் புதரும் பெரட்டுமாக அலைந்தார். ‘சிகிச்சை வெற்றி’ என்று உபகுழு அறிக்கை எழுதியது.

பதின்மூன்றாந் திகதி இன்னொரு தடை வந்தது. உறுப்பினர்களில் ஒருவர் வழக்கறிஞர். வெள்ளைப் புழுக்களும் பல காலமாக அந்த மண்ணில் குடியிருப்பவை. முன்னறிவித்தல் கொடுக்காமல் வெளியேற்றினால் வழக்கில் நிற்காது என்றார் அவர். பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து அறிவித்தல் தயாரானது. லயத்தில் அறிவித்தல் சொல்லத் தப்படிப்பதுதானே வழக்கம். வீரய்யாவே தப்பை மாட்டிக்கொண்டு, காய்ந்த ஒவ்வொரு திட்டின் மேலும் நின்று அடித்து, தரையைப் பார்த்து வாசித்தார்: “இதனால் சகல வெள்ளைப் புழுக்களுக்கும் அறியத்தருவது…”

பாதையில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. பெரியாயி அறைக் கதவில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“பதினாலு நாள்னா இருவத்தேழாந் தேதி” என்றாள் அவர் திரும்பியதும். “ஒங்க புழு இருவதாந் தேதி செத்துரும். அவங்களுக்குப் புல்லு வேணாம், புழு வேணாம், கூட்டம் இருந்தாப் போதும். நமக்குத்தான் எடம் வேணும். எந்தப் புழுவுக்காச்சும் தெமோதர டேசன்ல நின்னு அழுவத் தெரியுமா?”

வீரய்யா தப்பைக் கழற்றிச் சுவரில் மாட்டினார்.

பதினான்காந் திகதி பிற்பகல் பதுளையில் கரண்ட் போனது. இத்ரூஸ் கடையிலிருந்து ஆள் ஓடிவந்து சொன்னான். வீரய்யா போனபோது பிரிஜ்ஜிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்ரூஸ் மிச்சமிருந்த ஐஸ்பழம் அத்தனையையும் பெட்டியைச் சுற்றி அடுக்கியிருந்தார்.

“இதெல்லாம் கரைய ரெண்டு மணித்தியாலம். அதுக்குப் பொறகு என்னால ஏலா, வீரய்யா.”

வீரய்யா பெட்டியோடு மேடேறினார். வழியெல்லாம் ஐஸ்பழத்தின் சிவப்புத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. நேரே தம்பையாவின் அறைக்குப் போனார். தம்பையா வெள்ளைப் பீரிசுத் தட்டில் ஒரு சொட்டைப் பிழிந்து, சட்டப் புத்தகத்தின் சின்ன எழுத்தைப் படிக்கும் பூதக்கண்ணாடியை அதன் மேல் பிடித்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“பாதி அசையல.”

“மத்தப் பாதி?”

தம்பையா கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். மயிரிழையிலும் மெல்லிய நூல்கள். சில நேராக விறைத்துக் கிடந்தன. சில நெளிந்தன. அந்த நெளிவைப் பார்த்ததும் வீரய்யாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை பெரட்டு, இத்தனை வெயில், இத்தனை கூட்டத்துக்குப் பிறகும் உயிரோடிருக்கிறதே என்று ஒரு பாசம்.

“ஐயா, நான் ஊத்தப் போறேன்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றார் தம்பையா. அவர் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய சாகசம் அது. பிறகு கூரையைப் பார்த்தபடி, “ஜீப் கழுவுற பஞ்சும் மஞ்சள்தான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஐந்தரை மணிக்கு மலைக்குப் பின்னால் வெயில் போனது. உறுப்பினர்கள் நான்காவது உபகுழுவின் தேநீர் விருந்தில் உள்ளே இருந்தார்கள். வீரய்யாவும் பெரியாயியும் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு புல்லை நனைத்தார்கள். பஞ்சைப் பிழிந்து, பூவாளியில் கலக்கி, பின்பக்கத்து மூலையிலிருந்து தொடங்கினார்கள். யன்னலில் யாராவது எட்டிப் பார்த்தால் வேலை போய்விடும், வீடு போய்விடும், திருட்டுக் கேஸும் வரும். உள்ளே ஒருமுறை நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கு இருவரும் வாளியோடு உறைந்து நின்றார்கள். யாரும் வரவில்லை. கேக் பரிமாறுகிறார்கள் போலிருந்தது.

கடைசித் திட்டில் ஊற்றி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. பங்குனி மாத இடி மழை, ஒரு மணி நேரம் கொட்டியது. வீரய்யா நனைந்தபடி நின்று, மண் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே இறங்கிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொன்னார்.

மறுநாள் பெட்டியில் ஜீப் பஞ்சு இருந்தது. அளவாக வெட்டி நனைத்து வைத்தது. “மேற்படியார், ஐந்து கோடி!” “இருக்குதுங்க.” தலைவர் வந்து பார்த்து, “முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார்கள்” என்றார்.

மூன்றாம் நாள் வீரய்யா ஒரு திட்டைத் தோண்டினார். வெள்ளைப் புழு வெள்ளையாக இல்லை. பழுப்பாகிக் கூழாகித் தளர்ந்து கிடந்தது. இன்னொன்று. இன்னும் ஒன்று. அவர் மண்டியிட்டு மண்ணை அள்ளி முகர்ந்தார். அன்றிலிருந்து பொழுதுக்கும் வேலைதான். ஓரத்துப் புல்லைக் கிள்ளி நட்டு, தண்ணீர் விட்டு, மிதித்து, மைனாவை விரட்டி, இருபத்தெட்டாந் திகதி வரும்போது அரை ஏக்கரும் பச்சை பிடித்துவிட்டது.

சபையில் யாருக்கும் இது கண்ணில் படவில்லை. விழாவுக்கு முன் புல் பச்சையாவதற்கு நிகழ்ச்சிநிரலில் இடமில்லை.

முப்பதாந் திகதி காலை பதினொரு மணிக்கு, மண்டையைப் பிளக்கிற வெயிலில், விழா நடந்தது. தலைவர் பேசினார்.

“மற்ற நாடுகளில் புழு புல்லைக் காப்பாற்றுகிறது. நமது நாட்டில் சபை புழுவைக் காப்பாற்றுகிறது! இருபத்திரண்டு நாட்கள் ஒரு புழுவையேனும் வேலைக்கு விடாமல் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தோம் என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன்.”

பிரதம அதிதி பஞ்சை எடுத்து வெள்ளி வாளியில் பிழிந்தார். நுரை வந்தது. ஏழு வருடமாக ஜீப் கழுவிய சவர்க்காரம். நுரை வாளியைத் தாண்டி அவருடைய சட்டைக் கைவரை ஏறியது. வீரய்யா கண்ணை மூடிக்கொண்டார்.

“உற்சாகத்தில் பொங்குகிறார்கள்” என்றார் தலைவர்.

பலத்த கைதட்டல். அதிதி நுரையைப் புல்லில் தெளித்தார். “இதோ, தெளித்த மாத்திரத்திலேயே எவ்வளவு பச்சை!” என்று செயலாளர் உணர்ச்சிவசப்பட்டார். படம் எடுத்தார்கள்.

எல்லாரும் சாப்பிடப் போனபின் வீரய்யா செயலாளர் முன் நின்றார். “ஐயா, புல்லு பச்சைங்க. நாளைக்கு விசாரணைங்க.”

செயலாளர் பெரட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். தம்பையா மொழிபெயர்த்தார்.

“பத்தாந் தேதிலேருந்து நீ வேலைக்கு வரலைங்கிறாரு.”

“என்னங்கையா சொல்றீங்க? பெட்டியத் தூக்கிக்கிட்டுத் தெனமும் நான்தானே நின்னேன்? ஐயாவுக்குத் தெரியாதா?”

“பெட்டி வந்தது பதிஞ்சிருக்காம். தூக்கிக்கிட்டு வந்தது யாருன்னு பதியலையாம். புல் பகுதிக்குப் புத்தகத்துல ஒரு வரிதான் உண்டு. ஒம் பேர அடிச்சிட்டுத்தான் மேற்படியார எழுதியிருக்கு.”

“அப்ப புல்ல யாரு காப்பாத்துனா?”

“அதிதிதான். படம்கூட எடுத்தாச்சு.”

நான்தான் ஊற்றினேன் என்று கத்தலாம். கத்தினால் சபைச் சொத்தைத் திருடியவன். கத்தாவிட்டால் வேலைக்கு வராதவன். வீரய்யா அறைக்குப் போய்ப் பெரியாயி பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தொரு வயதில், சத்தம் போட்டு.

சாயங்காலம் தம்பையா வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “ஒம் பேருல என்னால பத்திரம் அடிக்க முடியாது, வீரய்யா. ஆனா இது கையெழுத்து, முத்திரை எல்லாம் விழுந்த கொப்பி. இதுல யாரு பேரும் இல்ல. மேற்படியார்னுதான் இருக்கு. நீ இல்லேன்னு எவன் சொல்லப் போறான்?”

கச்சேரியில் வீரய்யாவுக்கு முன்னால் நமுனுகுலத்திலிருந்து வந்த ஒரு கிழவர் நின்றார். அங்கேயே பிறந்தவர். ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார். லயத்தில் அவர் குடியிருந்த காம்பராவின் அறை இலக்கம் பாதியில் மாறியிருந்ததால் விசாரணை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உத்தியோகத்தர் காகிதத்தை வாங்கிப் படித்தார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்.

“மேற்படியார் நீயா?”

“ஆமாங்க.”

“மண் வேலை. சரி. தகப்பன் பேரு தெரியாது. சரி. வெளிநாட்டுல இருந்து இந்த மாசம் எட்டாந் தேதி வந்திருக்கே, ஒன்பதாந் தேதி நிரந்தரம் ஆயிருக்கே?”

“அப்புடித்தாங்க போட்டிருக்கு.”

உத்தியோகத்தர் பேனாவை வைத்தார். முகத்தில் மரியாதை வந்தது. “இங்கேயே பிறந்து வளர்ந்தவங்களைத்தான் நாங்க விசாரிக்கணும். உதவித் திட்டத்துல வந்தவங்களுக்கு விசாரணையே கிடையாது. நீ ஏன் வீணா வந்து வரிசையில நின்னே?” என்று கோபித்து, டப் டப்பென்று இரண்டு முத்திரை குத்தினார். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி ஒரு வரியில் கண் ஓடியது. “உடன் வந்தோர் ஐந்து கோடி. குடும்பம் கொஞ்சம் பெரிசு. வெளியில போகும்போது குடும்பக் கட்டுப்பாட்டு அறிவித்தல் ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போ.”

பெரியாயி காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். “இதுல ஒங்க பேரு எங்க இருக்கு?”

“எம் பேரு இல்ல. ஆனா கோச்சி ஏற வேணாம்.”

அவள் காகிதத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விசில் ஊதியது. புல் பனியில் நனைந்து பச்சையாகக் கிடந்தது. விழா முடிந்தபின் பெட்டியை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். வீரய்யா வெறுங்கையோடு வந்து, மூன்றடி தூரத்தில், வழக்கமான இடத்தில் நின்றார். செயலாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்து நமுனுகுல மலைக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

“மேற்படியார்!”

வீரய்யா ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இருக்கேனுங்க.”

செயலாளர் பதிந்துகொண்டு உள்ளே போய்த் தேநீர் குடித்தார்.